ஹக்கலவில் குளிர்காலம்

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. டிசம்பர் இரவில் கொட்டாஞ்சேனை வீடுகளில் மின்விசிறியைச் சற்றுக் குறைத்து வைப்போம், அவ்வளவுதான். குளிரில் மரஞ்செடிகள் என்ன கோலம் கொள்கின்றன என்று பார்க்க விரும்பும் சகோதரிகள் நுவரெலியாவைத் தாண்டி, வெலிமடைப் பாதையில் சுமார் 10 கிலோமீற்றர் போக வேண்டும். அங்கே ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருக்கிறது ஹக்கல தாவரவியல் பூங்கா.

மக்கள் ரோஜாவுக்காக ஏப்ரலில் முண்டியடிக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் போங்கள் என்பேன் நான். பூ குறைவுதான். ஆனால் குடை விரித்தாற்போல் நிற்கும் மரப்பன்னங்களையும், அவற்றின் உச்சியில் சுருண்டிருக்கும் இளங்குருத்தையும், அடிமரங்களில் ஈரக் கம்பளியாய்ப் போர்த்திய பாசியையும் நிதானமாகப் பார்க்கலாம். வடகீழ்ப் பருவ மழையும் இங்கே பெய்வதால் பாசி செழித்திருக்கும். தரை வழுக்கும், பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

இத்தோட்டம் அழகுக்காகத் தொடங்கப்பட்டதன்று. 1861இல் ஆங்கிலேயர் இங்கே சிங்கோனா மரங்களை நட்டுப் பார்த்தார்கள். தென்னமெரிக்க மலைகளின் மரம் அது. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுத்தார்கள். நம் உம்மம்மாமார் முகம் சுளித்து விழுங்கிய அதே கொயினாதான்! பின்னர் விலை விழுந்ததும் துரைமார் சிங்கோனாவை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். 1934-35இல் இந்நாட்டில் மலேரியா பரவிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது.

ஜனவரி, பெப்ரவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நுவரெலியாப் பள்ளங்களில் உறைபனி விழுவதுண்டு. விடியலில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பார்க்கப் போகிறவர்கள் போட்டி போட்டுக்கொண்டு படம் பிடிக்கிறார்கள். அதே பனிதான் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிறது. கொழுந்து கருகினால் பறிக்க என்ன இருக்கிறது? பறிக்கும் பெண்களுக்கு வேலை நாளும் குறைகிறது, கூலியும் குறைகிறது.

திரும்பும் வழியில் பலரும் ஐதரேஞ்சியாச் செடி ஒன்றை வாங்கி வருகிறார்கள். அது மலையில் நீலமாய்ப் பூப்பது மண்ணின் புளிப்பால்; தேயிலைக்குப் பிடித்ததும் அந்தப் புளிப்பு மண்தான். வெள்ளவத்தையின் உப்புக் காற்றும் இரவுப் புழுக்கமும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அந்தக் காசுக்கு மொட்டை மாடியில் மருதோன்றியோ கறிவேப்பிலையோ வையுங்கள்.