கிளை எட்டும் தூரம்

திண்டுக்கல் பக்கம் அய்யலூர் முள்காட்டில் தேவாங்கு எண்ணப் போகிறவர் முதலில் பழக வேண்டியது நடை. மணிக்கு ஒரு கிலோமீட்டர் போதும். அதைவிட வேகமாகப் போனால் மரம் தெரியும், விலங்கு தெரியாது. நெற்றி டார்ச்சில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு உடைமரத்தையும் உசிலையையும் அடியிலிருந்து நுனிவரை ஒளியால் தடவிக்கொண்டே போக வேண்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் தேவாங்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் அந்த மரத்தில் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு நாம் கடந்து போய்விடுவோம்.

இருட்டில் மின்னுகிற கண்ணெல்லாம் தேவாங்கின் கண் அல்ல. இலைமேல் ஊசிமுனை அளவில் மின்னினால் சிலந்தி. தரையில் ஒரு கனல் தெரிந்து சட்டென்று பறந்து மறைந்தால் பக்கிக் குருவி. கிளையில் நெருக்கமாக இரண்டு செங்கனல்கள் நேராக நம்மையே பார்த்தால்தான் தேவாங்கு. பார்த்தவுடன் நின்று, நேரம், மரம், உயரம், பாதையிலிருந்து எத்தனை அடி என்று நான்கையும் எழுதிவிட வேண்டும். விடிந்தபின் நினைவிலிருந்து எழுதுவது கணக்கில் சேராது.

நான் தொடங்கிய காலத்தில், தேவாங்கைப் பார்த்த இரவுகளை மட்டும் நோட்டில் எழுதிவந்தேன். பெரியவர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாக்காத ராத்திரியெல்லாம் எங்க தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பிய இரவையும் எழுதினால்தான் அது கணக்கு. இல்லாவிட்டால் அது நம் சந்தோஷத்தின் குறிப்பு மட்டுமே. எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்று நாம் கொடுக்கும் எண்ணையும் வைத்து அரசு காட்டுக்கு எல்லை வரைகிறது. அன்றிலிருந்து பூஜ்யத்தையும் தேதி போட்டு எழுதுகிறேன்.

இந்த மண்ணில் தேவாங்கைப் பற்றிய அறிவு நீண்ட இரவுகளில் சேர்ந்தது. ஆய்வாளர் அன்னா நெகாரிஸ் 1997-98இல் அய்யலூர்ப் பக்கம் பத்து மாதங்களுக்கு மேல் தங்கி அவற்றைப் பின்தொடர்ந்தார். சிந்து ராதாகிருஷ்ணாவும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் திண்டுக்கல் பகுதியிலேயே அவற்றின் சமூக வாழ்வை ஆராய்ந்தார்கள். தனித்தே திரியும் விலங்கு என்று நினைத்திருந்த எண்ணத்தை இந்த ஆய்வுகள் மாற்றின. பகலில் தேவாங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக உறங்குகின்றன. இருட்டியதும் தாய் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரைக்குப் போகிறது. எறும்பு, கரையான், வண்டு என்று பெரும்பாலும் பூச்சியே உணவு. கால் கிலோ அளவே எடை, வால் கிடையாது, ஓர் ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிகள். குறைந்தால் சீக்கிரம் மீளாத இனம்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று, தேவாங்கு தாவாது. முன்கையை நீட்டி அடுத்த கிளையை இறுகப் பிடித்த பிறகுதான் பின்கால் பழைய கிளையை விடும். கிளை எட்டாத இடத்தில் அதன் பாதை முடிந்துவிடுகிறது. தரையில் இறங்கினால் நாய், வண்டிச் சக்கரம். மின்கம்பியைப் பிடித்தால் சாவு.

2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் இது. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் பிடிக்கப்பட்ட, பிறரைத் திட்டுவதற்கு மட்டும் பெயர் பயன்பட்ட ஓர் உயிருக்கு, இவ்வளவு காடு எழுதித் தரப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் தேவாங்கு எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. காட்டோரத் தோட்டங்களின் கிளுவை வேலியிலும் வரப்போர வேம்பிலும் புளியிலும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை வேலியோரம் டார்ச்சோடு நின்றபோது தோட்டக்காரர் அரிவாளோடு வந்தார். "யாருய்யா அது? மோட்டார் ஒயரு களவாங்க வந்தீகளா?" விவரம் சொல்லி, வேலியில் இருந்ததைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுக்காகவா ராத்திரி முழுக்க நடக்குறீக? வர்ற மாசம் இந்த வேலிய வெட்டிட்டுக் கம்பி போடலாம்னு இருந்தேன்" என்றார். கோபமே இல்லாத அந்தக் குரலில்தான் எனக்கு வேலையின் அடுத்த பாடம் கிடைத்தது. அதன்பின் கண்களை எண்ணுவதோடு இடைவெளிகளையும் அளக்கிறேன். எந்த வேலி எங்கே அறுந்திருக்கிறது, எந்தச் சாலையின் மேல் கிளைகள் கைகோத்து நிற்கின்றன என்பதும் நோட்டில் ஏறுகிறது. ஒரு முழத்துக்கு மேற்பட்ட இடைவெளியைத் தேவாங்கு கிளைவழியே கடந்து நான் பார்த்ததில்லை.

விலங்கு சரணாலய எல்லைக்குள் அடங்காது என்பதையே ஓநாய் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். 2022இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 3,100 ஓநாய்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சரணாலயங்களுக்கு வெளியே, ஆடு மேயும் புல்வெளிகளிலும் மானாவாரி நிலங்களிலும் வாழ்கின்றன. அங்கே இடையர்களின் மனம் கோணாமல் ஓநாயைக் காக்க முடியாது. இங்கே வேலிக்குச் சொந்தக்காரரை விட்டுவிட்டுத் தேவாங்கைக் காக்க முடியாது. தேவாங்கு ஆட்டைத் தூக்குவதில்லை, பயிரையும் தின்பதில்லை. பூச்சியைத்தான் தின்கிறது. ஆகவே இங்கே சமரசம் எளிது.

உயிர்வேலியை வைத்திருக்கும் விவசாயிக்கு ஊக்கத்தொகை வேண்டும். சாலை அகலப்படுத்தும்போது மேலே கிளைகள் கோத்து நிற்கும் மரங்களை விட்டுவைக்க வேண்டும். கிளைகளை ஒட்டிப் போகும் மின்கம்பிகளுக்கு உறை போட வேண்டும். சீமைக்கருவேலத்தை அகற்றும் இடத்தில் முதலில் உடையும் உசிலையும் வளர்ந்து கிளைவிட வேண்டும், அதன்பின் வெட்டலாம். காட்டின் பரப்பை ஹெக்டேரில் சொல்லும் அறிக்கைகள் வேலியின் நீளத்தை மீட்டரிலும் சொல்ல வேண்டும்.

அய்யலூர், வடமதுரை, நத்தம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளுவை வேலியை வெட்டுமுன் ஓர் இரவு சிவப்பு வெளிச்சத்தோடு அதன் ஓரம் மெதுவாக நடந்து பாருங்கள். இரண்டு செங்கனல்கள் திரும்பிப் பார்த்தால், அந்த வேலியை விட்டுவையுங்கள்.