பொன்னாடைக்கு ஒரு கவிதை

எங்கள் பக்கத்துத் திருவிழா நோட்டீஸ் கைக்கு வந்தால், கவிஞர்களை எந்த மூலையில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்து நோட்டீஸ்களில் நாடகக்காரர்களுக்கு ஆளுக்கொரு படம் இருக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒருவர் விடாமல் பெயரும் ஊரும் போட்டிருப்பார்கள். ஒலி, ஒளி அமைப்பாளர் பெயர்கூட விட்டுப்போகாது. கவியரங்கம் இருந்தால் தலைமைக் கவிஞருக்கு மட்டும் பெயர் உண்டு. மீதிப் பேர் 'மற்றும் உள்ளூர்க் கவிஞர்கள்'. மாலை ஆறு மணி என்று அச்சடித்திருந்தாலும் ஆறு மணிக்குப் பந்தலில் பிள்ளைகள் நாற்காலியை இழுத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். கோலப்போட்டிப் பரிசளிப்பும் சினிமாப் பாட்டு நடனமும் முடிந்து கவிஞர் மைக்கைப் பிடிக்கும்போது, 'சுருக்கமா முடிங்கண்ணே, கரகாட்டம் செட்டு வந்துருச்சு' என்று ஒரு துண்டுச்சீட்டு வந்து சேரும்.

ஊருக்குக் கவிதை என்றாலே இளக்காரம் என்று என் கவிஞர் நண்பர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

அதே பந்தலில் இரவு பத்து மணிக்கு மேல் 'வள்ளி திருமணம்' தொடங்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானவர். நூறு வருஷம் தாண்டியும் அவருடைய நாடகம் மேடையில் ஓடுகிறது. இந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்ற பேச்சே இல்லை. நடிகர்கள் மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் தனித்தனியாக வந்து அன்றைக்கு மேடையில்தான் ஒன்றுசேருவார்கள். நடுச்சாமத்துக்கு மேல் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும். பாட்டில் ஒருவர் கேட்க, பாட்டிலேயே மற்றவர் பதில் சொல்ல வேண்டும். நாள் முழுக்க வயலில் நின்ற பெண்கள் கோரைப்பாயில் உட்கார்ந்து, தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்பார்கள். வள்ளியின் பதில் சொத்தையாக இருந்தால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பும். நன்றாக இருந்தால் பத்து ரூபாயோ நூறு ரூபாயோ மேடைக்குப் போகும், கொடுத்தவர் பெயர் மைக்கில் வரும். செய்யுளை இதைவிடக் கவனமாகக் கேட்கும் சபையை நான் எந்தப் பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் பார்த்ததில்லை.

இழவு வீட்டிலும் இதே கதைதான். ஒப்பாரி வைத்துவிட்டு எழுந்து போகும் பெண்ணைப் பற்றி, 'என்னமா அடுக்கி அழுதா' என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். துக்கத்துக்கு நடுவிலும் அடுக்கு எப்படி விழுந்தது என்று கவனிக்கிற ஊர் இது. இந்த ஊருக்குக் கவிதை புரியாது என்று எப்படிச் சொல்வது?

கவியரங்கமும் ஒரு காலத்தில் கூட்டம் சேர்த்த கலைதான். கம்பன் விழாக்களிலும் கட்சி மாநாடுகளிலும் வானொலியிலும் அது கொடிகட்டிப் பறந்தது. கருணாநிதி தலைமையில் அப்துல் ரகுமான் பாடுகிறார் என்றால் அதற்கென்றே ஆள் வந்தார்கள். மெல்ல மெல்ல அது ஒரு சடங்காக இறுகிவிட்டது. தமிழ் வணக்கம், தலைவர் வணக்கம், அவை வணக்கம், அதற்குப் பிறகு பெயரை வைத்து ஒரு சிலேடை. கைதட்டல் வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் கவிஞர் அந்த வரியை யாரும் கேட்காமலே இரண்டாம் முறை படிப்பார். அப்போதும் வராவிட்டால் மூன்றாம் முறை. (நாடகமேடையில் பபூன்கூட இதைச் செய்யமாட்டார்.) திருவிழா மேடையில் கவியரங்கத்தின் இடத்தைப் பட்டிமன்றம் எடுத்துக்கொண்டது. தீபாவளி, பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் சாலமன் பாப்பையாவைப் பார்த்துப் பழகிய ஊர், அதே சிரிப்பைப் பந்தலிலும் கேட்டது. அதில் ஊரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நல்ல கவிஞர்களுக்கும் இதில் பங்குண்டு. 1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய பிறகு புதுக்கவிதை கண்ணால் படிக்கும் கலையாக வளர்ந்தது. அது பெரிய வளர்ச்சி, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வழியில் வந்த பலர் மேடை என்றாலே முகம் சுளித்தார்கள். கவியரங்கக் கவிஞர் என்பது ஒரு வசையாகவே ஆனது. பொறுப்பானவர்கள் விட்டுப்போன மேடையை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆத்மாநாமின் கவிதையைக் குழாய் ஒலிபெருக்கியில் படிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்கு அமைதியான ஒரு நூலக அறை போதும். ஆனால் எல்லாக் கவிதையும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் பந்தலுக்கு என்ன மிஞ்சும்?

இடையில் ஒரு வழி இருக்கத்தான் செய்தது. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார் ஊர் ஊராக நடத்திய கலை இலக்கிய இரவுகளில் பறையும் தப்பாட்டமும் நாட்டுப்புறப் பாட்டும் விடிய விடிய நடக்கும். கவிதையும் அவற்றோடு ஒன்றாக நின்றது. கீழக்கரையில் பிறந்த இன்குலாப், கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவர் எழுதிய 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் போனது. எழுதியவர் பெயர் தெரியாத ஆளும் அதைச் சேர்ந்து பாடினார். பாட்டாகிவிட்டால் அது கவிதை இல்லை என்று முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேவாரத்தையும் திருவாசகத்தையும் எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் விஷயம் காசில் வந்து நிற்கிறது. நாடக நடிகருக்கு மாதங்களுக்கு முன்பே தேதி குறித்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அவர் வராவிட்டால் நாடக நடிகர் சங்கத்தில் கேள்வி வரும். நையாண்டி மேளத்துக்கும் கரகத்துக்கும் பேசிய தொகை உண்டு. கவிஞருக்கு மட்டும் ஒரு பொன்னாடை. அவர் வீட்டு பீரோவில் அப்படிப் பல பொன்னாடைகள் மடிப்புக் கலையாமல் கிடக்கும். அடுத்த கூட்டத்தில் வேறொருவருக்கு அவற்றைப் போர்த்துவார். சம்பளம் கொடுக்காத வேலைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. கவிஞர் பழைய கவிதையையே கொண்டுவந்து வாசிக்கிறார், விழாக் குழுவும் கண்டுகொள்வதில்லை.

ஆகவே விழாக் குழுவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வருஷம் எட்டுப் பேரைக் கூப்பிட்டு எட்டுப் பொன்னாடை வாங்காதீர்கள். ஒரே ஒரு கவிஞரைக் கூப்பிடுங்கள். தேதி பேசி, அட்வான்ஸ் கொடுத்து, நோட்டீஸில் படம் போடுங்கள். நாடகம் தொடங்குவதற்கு முன்னால், கூட்டம் பாய் விரித்து உட்கார்ந்த பிறகு, பத்து நிமிஷம் மைக்கைக் கொடுங்கள். சரியில்லையென்றால் வள்ளியிடம் சொல்வதைப் போல அவரிடமும் கூட்டமே சொல்லிவிடும்.