கடல் நடுவிலும் அதே கேள்வி

போன வருடம் அக்கா குடும்பத்தோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பலில் போனேன். கிளம்பும் முன்பே அவசரகாலப் பயிற்சி. 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு இதில் கண்டிப்பு கூடிவிட்டது. அறை எண்ணை வைத்து நிற்கும் இடத்தைச் சொன்னார்கள். வேறெதையும் கேட்கவில்லை.

மறுநாள் முழுக்கக் கடல்தான். காலையிலேயே அலை எழும்பிக் கப்பல் ஆடியது. பக்கத்து அறை அம்மா வாந்தியெடுத்துத் துவண்டுபோனார். நெற்றியைத் தாங்கிப் பிடித்து, என் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். "கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி பாத்துக்கிட்டம்மா" என்று என் கையை விடவேயில்லை.

இரவு சாப்பிட அவரே மேசைக்குக் கூப்பிட்டார். சொந்த ஊரைக் கேட்டார், சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?"

கல்லூரியில் இந்தக் கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். சமூகவியலில் முதுகலை முடித்த பிறகும் மாற்றியிருக்கிறேன். அன்று மாற்றவில்லை. "காலனிதாங்க" என்றேன். அதன்பிறகு அவர் தட்டை விட்டு நிமிரவில்லை. மறுநாள் காலை வேறு மேசைக்குப் போய்விட்டார்கள்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் ஆவணத்தில் அழித்தாலும் சாப்பாட்டு மேசையில் அது உயிரோடுதான் இருக்கிறது.

தோழர்களே, உங்களிடமும் கேட்பார்கள். பதிலை விழுங்காதீர்கள். கூச வேண்டியவர்கள் நாம் அல்ல.