திமிர்

பி.பானுமதியைப் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது வரிக்குள் ஒரு சொல் வந்துவிடும்: திமிர். கொஞ்சம் பவ்யமாக எழுதுகிறவர்கள் அதையே ‘கம்பீரம்’ என்பார்கள். பெரிய பெரிய நடிகர்களே அந்த அம்மா முன்னால் வசனம் பேசத் தயங்கினார்கள் என்று ரசித்து ரசித்துச் சொல்வார்கள்.

எங்க தெருவில் திமிர் என்கிற சொல் வேறு மாதிரிப் புழங்கியது. குரோம்பேட்டைக்குப் பக்கத்தில் நாகல்கேணி. குரோம் லெதர் கம்பெனி வந்ததால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பேர். தோல் வேலைக்காக வடாற்காட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறிய சனங்களில் எங்க ஆயாவும் ஒண்ணு. கூலி வாங்கும்போது குனியாமல் நின்றால் திமிர். மேஸ்திரி கூப்பிட்டதும் ஓடாமல் நடந்து போனால் திமிர். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை மூக்கைப் பொத்தும்போது திரும்பி முறைத்தால், எட்டு வயசுப் பிள்ளைக்கும் திமிர். எங்க பொம்பளைங்க நிமிர்ந்ததை எவரும் கம்பீரம்னு சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால் பானுமதியின் கதையை எங்க தெருவில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. வெறுப்பதற்காக அல்ல. அந்த அம்மாவை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

1925-ல் ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் தொட்டாவரத்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் சங்கீதம் என்றால் உயிர். பெண்ணுக்குத் தானே பாட்டு சொல்லிக்கொடுத்தார். 1939-ல் ‘வரவிக்ரயம்’ என்கிற தெலுங்குப் படத்தில் நடிக்க வந்தபோது வயசு பதிநாலு கூட நிரம்பவில்லை. வரதட்சணையை எதிர்த்த படம் அது. 1943-ல் உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு சினிமாவை விட்டு ஒதுங்கினார். 1945-ல் ‘ஸ்வர்க சீமா’ அவரைத் திரும்ப இழுத்து வந்தது. தமிழில் 1948-ல் தியாகராஜ பாகவதரோடு ‘ராஜமுக்தி’.

அந்தக் காலத்தில்தான் பின்னணிப் பாட்டு பெருகியது. முகம் ஒருத்திக்கு, குரல் இன்னொருத்திக்கு என்று ஆனது. பானுமதி தன் குரலை விட்டுக்கொடுக்கவில்லை. தான் நடித்த பாத்திரத்துக்குத் தானே பாடினார். கணவனும் மனைவியுமாக மகன் பேரில் பரணி பிக்சர்ஸ் தொடங்கினார்கள். சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோ எழுந்தது. 1953-ல் ‘சண்டிராணி’ வந்தது. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எடுத்த படம். இரட்டை வேடம் அவர், இயக்கமும் அவரே. 1936-லேயே டி.பி.ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’வை இயக்கியிருந்தார் என்றாலும், காமிராவுக்குப் பின்னால் நின்ற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பானுமதி 1972-ல் தெலுங்கில் ‘அந்தா மன மஞ்சிகே’, 1975-ல் தமிழில் ‘இப்படியும் ஒரு பெண்’, 1982-ல் குழந்தைகளை மட்டுமே நடிக்கவைத்து ‘பக்த துருவ மார்க்கண்டேயா’ என்று நாற்பதைத் தாண்டியும் இயக்கிக்கொண்டிருந்தார்.

திமிர்க் கதைகளில் இரண்டு எல்லாருக்கும் தெரியும். தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’வில் முதலில் நடித்தவர் பானுமதிதான். தயாரிப்பாளரோடு தகராறு வந்தது, வெளியேறினார், 1955-ல் வந்த படத்தில் அந்த வேடத்தில் சாவித்திரி இருந்தார். 1958-ல் ‘நாடோடி மன்னன்’. எம்.ஜி.ஆரே இயக்கிய படம். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பானுமதியின் பாத்திரம் படத்தின் நடுவிலேயே செத்துப்போகும். சண்டை போட்டார் என்பதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலையில் என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குப் போக ஒரு ஸ்டுடியோ இருந்தது. பாட ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலுக்கு முறையான படிப்பு இருந்தது. கம்பீரத்துக்கு அடியில் இவ்வளவு அஸ்திவாரம் இருந்தது.

எங்க சித்தி ஒருத்தி தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறிக் கோடம்பாக்கத்தில் இறங்குவாள். கூட்டத்தில் நிற்கிற வேலை. 1931-லிருந்து ஓடுகிற லைன் அது; எங்களுக்கும் சினிமாவுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம்தான். “கறுப்பா இருக்கறதுங்கல்லாம் பின்னாடி போ” என்று ஒரு ஸ்டுடியோவில் ஒருத்தர் கத்தினாராம். “நீ வேணா பின்னாடி போய்யா” என்று சொல்லிவிட்டாள். அதோட சரி. அப்புறம் எவரும் கூப்பிடவில்லை. அவளுக்கு மறுநாள் போக இருந்த இடம் தோல் ஷாப்புதான்.

இப்போது ‘மதுரை வீரன்’. 1956 ஏப்ரல் 13-ல் வெளியானது. வீரன் எம்.ஜி.ஆர்., பொம்மி பானுமதி, வெள்ளையம்மாள் பத்மினி. நான் அதைப் பார்த்தது எழுபதுகளின் நடுவில், டெண்ட் கொட்டாயில், மண்ணைக் குவித்து அது மேல் உட்கார்ந்து. எங்க வீட்டுச் சாமி வீரன். ஆயா கொட்டாய்க்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டுச்சு. பொம்மி அரண்மனையை உதறிவிட்டு, செருப்புத் தைக்கிறவன் வீட்டில் வளர்ந்தவனோடு கிளம்புகிறாள். பானுமதியின் முகத்தில் கொஞ்சங்கூடப் பயம் கிடையாது. தரை டிக்கெட் முழுக்க விசில். சாதியை மீறி வருகிற பெண்ணை அவ்வளவு நிமிர்வோடு திரையில் பார்ப்பது எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் படத்தில் வீரன் பிறப்பால் ராஜகுமாரன். மாலை சுற்றிப் பிறந்த குழந்தை நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்டவன். என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும் எடுத்து வளர்க்கிறார்கள். படத்துக்கு முன்பே கதைப்பாடல்களிலும் இது இருக்கிறது. வெளியே வரும்போது ஆயா சொல்லிச்சு: “செருப்புத் தைக்கிறவன் பெத்த புள்ளன்னா ராஜா பொண்ணு வரமாட்டாளாமா? ராசா ரத்தம்னு சொன்னாத்தான் கொட்டாயில வுடுவானா?” அப்படியானால் பானுமதியின் பொம்மி மீறியது எதை? படம் பார்க்கிறவனுக்கு முதல் ரீலிலேயே தெரியும், இவன் ராஜா வீட்டுப் பிள்ளை என்று. மீறல் மாதிரி இருக்கும், மீறல் நடந்திருக்காது.

நிஜமாகவே மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு ரோசி இருக்கிறார். மலையாளத்தின் முதல் படமான ஜே.சி.டேனியலின் ‘விகதகுமாரன்’. 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள். அதில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே.ரோசி புலையர் சாதிப் பெண், கூத்தில் நடித்தவர். திருவனந்தபுரத்தில் படம் ஓடியபோது ஆதிக்க சாதியினர் திரையின் மேல் கல்லெறிந்தார்கள். அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். லாரி ஏறித் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்தவர், நாகர்கோவில் பக்கம் பேரை மறைத்து வாழ்ந்து முடித்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை.

ராஜகுமாரியாக நடித்து, தாழ்த்தப்பட்டவன் பின்னால் போனவருக்குக் கைதட்டல். தாழ்த்தப்பட்டவளாகப் பிறந்து, உயர்சாதிப் பெண்ணாக நடித்தவருக்குத் தீ. பானுமதி தன் வாழ்க்கையை ‘நாலோ நேனு’ என்று தானே எழுதினார். 1966-ல் பத்மஸ்ரீ, 2001-ல் பத்மபூஷண் வாங்கினார், 2005 டிசம்பர் 24-ல் சென்னையில் கௌரவமாகப் போய்ச் சேர்ந்தார். அதற்கெல்லாம் தகுதி உள்ளவர். ரோசிக்குத் தன் கதையைச் சொல்ல வாயே இருக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பிறத்தியார் தேடி எடுத்துச் சொன்னதுதான். 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து போட்டது.

பானுமதியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் திமிரை மட்டும் அல்ல. திமிர் நம்மிடம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. அவர் குரலைத் தன் கையில் வைத்திருந்தார், கதையைத் தன் கையில் வைத்திருந்தார், நெகட்டிவையும் தன் கையில் வைத்திருந்தார். அதைப் பிடிக்கணும். இன்றைக்கு நம் பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். அதிலும் நம் பெண்கள் காமிராவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயா சொல்லும் மதுரை வீரன் கதையில் ராஜா கிடையாது, மாலை கிடையாது. தோல் ஊறவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளை, தோல் நாற்றத்தோடேயே பொம்மியைத் தூக்கிக்கொண்டு போவான். பொம்மியும் மூக்கைப் பொத்த மாட்டாள். அந்தக் கதையை இன்னும் யாரும் எடுக்கவில்லை.