புல்லில் திரித்த பாலம்

பழைய பாலத்தின் கட்டுகளை அறுத்துவிட்டார்கள். அது அபுரிமாக் ஆற்றில் விழுந்து நீரோடு போயிற்று. ஓராண்டு ஆட்களைச் சுமந்த பாலம்! கரையில் யாருக்கும் வருத்தமில்லை. புல்தானே, மக்கிவிடும். பெரு நாட்டின் குஸ்கோ பகுதியில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் மூச்சிரைக்க நின்ற நான்தான் திகைத்துப் போனேன்.

இதுதான் கெஸ்வாசாக்கா. இன்காக்கள் கட்டிய முறையிலேயே ஆண்டுதோறும் ஜூனில் புதிதாகக் கட்டப்படும் தொங்குபாலம். நீளம் ஏறக்குறைய 28 மீட்டர். நான்கு ஊர்க்காரர்கள் கூடிக் கட்டுகிறார்கள். கூலி கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றோடு வந்து சேர்கிறது. மலைச்சரிவில் விளையும் இச்சுப் புல்லைக் கல்லால் நைத்து, நனைத்து, பெண்கள் மெல்லிய கயிறாகத் திரிக்கிறார்கள். அவர்கள் விரல்களின் வேகத்தைக் கண் தொடர முடியவில்லை. அந்தக் கயிறுகளை ஆண்கள் புரிபுரியாக முறுக்கி, பின்னி, தேர்வடம் போல் ஆக்குகிறார்கள். பாதைக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. வேலை தொடங்குமுன் பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படையல். மூன்று நாளில் பாலம் எழுந்துவிடுகிறது. நான்காம் நாள் ஆட்டமும் பாட்டும்.

அருகிலேயே வண்டிகள் போக இரும்புப் பாலம் இருக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று முதலில் எனக்கும் தோன்றியது. வேலையைப் பார்க்கப் பார்க்க அந்தக் கேள்வி கரைந்தது. இரும்புப் பாலம் பழுதானால் பொறியாளரும் பணமும் வெளியிலிருந்து வர வேண்டும். இதற்கு வேண்டியதெல்லாம் இந்தச் சரிவிலேயே முளைக்கிறது. கட்டத் தெரிந்தவர்கள் இங்கேயே வாழ்கிறார்கள். 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததுகூட பாலத்தை அல்ல, அதைப் புதுப்பிக்கும் அறிவையும் திறனையும் சடங்குகளையும்தான். நீடித்த வளர்ச்சி என்று நாம் எழுதும் திட்டங்களில் கட்டடங்களுக்குக் கணக்கு இருக்கிறது. இந்த அறிவுக்கும், ஊர் கூடும் வழக்கத்துக்கும் ஏன் ஒரு வரிகூட இல்லை?

அந்த அறிவுக்குச் சோதனையும் வந்தது. கொரோனாவால் 2020இல் பாலத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. நைந்த வடங்கள் 2021 மார்ச்சில் அறுந்து பாலம் விழுந்தது. வழக்கமாகப் பழைய பாலத்தின் மேல் நடந்துதான் புதுக் கயிற்றை அக்கரைக்குக் கொண்டு போவார்கள். அந்த ஆண்டு அந்தப் பழைய பாலமும் இல்லை. ஆனாலும் இரு கரையிலும் ஆள் நின்று, அதே ஆண்டு ஜூனில் கட்டி முடித்துவிட்டார்கள்.