கீசர் மூக்கை அடைக்காதீங்க

எங்க ஊர் திருவானைக்காவலிலிருந்து கல்லணை போற ரோட்டில், உத்தமர்சீலி பக்கம். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவுல வாழை. திருச்சியில என்னய்யா குளிருன்னு பட்டணத்து ஆளுங்க சிரிப்பீங்க. மார்கழி விடியக்காலை நாலரை மணிக்கு வாழைத் தோப்பு ஓரத்து வீட்டில், ராத்திரி பூரா பனியில நின்ன டேங்க் தண்ணியை ஒரு சொம்பு தலையில ஊத்திப் பாருங்க. அப்புறம் பேசுவோம்.

அம்மாவுக்கு வயசு 82. மார்கழி 30 நாளும் பொழுது விடியறதுக்குள்ள குளிச்சாகணும். கொல்லையில செம்பு பாய்லர் இருக்கு. அதுல தண்ணி காய்ச்சி, தவலையில பிடிச்சு, இருட்டுல பாசி பிடிச்ச படி ரெண்டு இறங்கி குளியலறைக்குத் தூக்கிட்டு வருவாங்க. நான் தூக்கித் தர்றேன்னா கேட்க மாட்டாங்க. வெந்நீர்த் தவலையோட அவங்க அந்தப் படியில கால் வைக்கிறப்பெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்கும். அதனாலதான் போன ஐப்பசியில வாழைத்தார் வெட்டின காசுல 25 லிட்டர் கீசர் ஒண்ணு வாங்கினேன்.

அம்மாவுக்கு அது பிடிக்கல. "நாலு பக்கமும் மூடின பாத்திரத்துல தண்ணி கொதிச்சா என்னடா ஆகும்?" என்றாங்க. படிக்காத கிழவி கேட்ட கேள்விதான். ஆனா கீசரைப் பத்திக் கேக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

எங்க செம்பு பாய்லருக்கு நடுவில ஒரு குழாய். அதுல கரி போட்டா சுத்தியிருக்கிற தண்ணி காயும். மேல மூடி சும்மா வச்சதுதான். தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் ஆவி மூடியைத் தூக்கிட்டு வெளிய போயிடும். அது வெடிக்க வழியே இல்லை. கீசர் அப்படி இல்லை. உள்ளே இரும்புத் தொட்டி, கீழே தண்ணி வர ஒரு வாய், போக ஒரு வாய், அவ்வளவுதான். 25 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினா சுமார் 350 மில்லி கூடுதலா ஆகும், ஒரு பெரிய டம்ளர் அளவு. தண்ணியை அமுக்கிச் சுருக்க முடியாது. இரும்பும் விரிஞ்சு கொடுக்காது. அந்த ஒரு டம்ளர் தண்ணி எங்கேயாவது போயே ஆகணும்.

என் பெரியப்பா மகன் திருவெறும்பூர் பெல் ஃபேக்டரியில வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அனல் மின் நிலையத்துக்குப் பாய்லர் செய்யற ஃபேக்டரி அது, 1960-களிலிருந்து திருச்சிக்குச் சோறு போடுது. அவர்கிட்டதான் போய்க் கேட்டேன். "டேய், உங்க வீட்டு குக்கர்ல என்னென்ன இருக்கு, சொல்லு" என்றார். வெயிட் இருக்கு, அது தூக்கி ஆவியை விடும். அதுல பருப்பு அடைச்சுக்கிட்டா சேஃப்டி வால்வு உருகித் திறக்கும். "கீசரும் அதேதான். ஆனா குக்கர்னா பொம்பளைங்க பக்கத்துல நின்னு விசில் எண்ணுவாங்க. கீசரை யாரும் பாக்கறதில்ல" என்றார்.

அவர் சொன்னபடி பார்த்தா கீசருக்குள்ள மூணு காவல் இருக்கு. முதல்ல தெர்மோஸ்டாட், நாம வச்ச சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும். அது பழுதாகி நிறுத்தலைன்னா, சூடு எல்லை மீறினதும் கரண்டை வெட்ட கட்-அவுட் ஒண்ணு. அதுவும் கைவிட்டா வால்வு, அழுத்தம் ஏறினதும் தண்ணியை வெளியே விடும். நிறைய கீசர்ல உருகுற பிளக் ஒண்ணும் சேர்த்து இருக்கும். அது புதுசு இல்லை. பொன்மலை ஒர்க்ஷாப்புல ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் கட்டினாங்களே, அந்த மாதிரி இன்ஜின்லயும் நெருப்புப் பெட்டிக்கு மேல ஈயம் அடைச்ச பிளக் உண்டு. தண்ணி குறைஞ்சு தகடு காய்ஞ்சா ஈயம் உருகி நீராவி உள்ளே பாயும், டிரைவருக்குத் தெரிஞ்சுடும்.

மூணும் செயல்படலைன்னா என்ன ஆகும்னு கேட்டேன். அழுத்தத்துல அடைபட்ட தண்ணி 100 டிகிரி தாண்டியும் தண்ணியாவே இருக்குமாம். தொட்டி கிழிஞ்ச அந்த நொடியில ஆவியா மாறும். ஒரு லிட்டர் தண்ணி 1,600 லிட்டருக்கு மேல ஆவியாகும். கூரை நிக்காது. இதுக்கு மேல அவரும் சொல்லல, நானும் கேக்கல.

மாட்டினது பத்திச் சொல்றேன். கீசர் தண்ணியோட சேர்த்து 35 கிலோவுக்கு மேல வரும், ஒரு சிமென்ட் மூட்டை அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால அரைச் செங்கல் சுவரை விட்டுட்டு முழுச் செங்கல் சுவரா பாத்து போல்ட் அடிச்சோம். குளிக்கிற ஆள் தலைக்கு நேரா வேண்டாம்னு கதவுப் பக்கமாத் தள்ளி வச்சோம். வெந்நீர் போற லைனுக்கு வெள்ளை பி.வி.சி. பைப் ஆகாது, இளகிடும். சி.பி.வி.சி. போட்டோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2082 என்கிற நம்பரும் இருக்கான்னு கடையிலேயே பாத்துட்டேன். மெயின்கார்டு கேட் பக்கம் கடைக்காரர் "இதெல்லாம் பாக்குற விவசாயியை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பூச்சி மருந்து டப்பாவுல இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சுப் பழகின கண்ணு.

கரண்டு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கல. எங்க பக்கம் சில வீடுகள்ல எர்த் ஒயரை நியூட்ரலோட முடிச்சுப் போட்டு விட்டுடுவாங்க, குழி வெட்டுற வேலை மிச்சம்னு. நியூட்ரல் ஒரு இடத்துல அறுந்தா கீசர் உடம்பு பூரா கரண்டு ஏறிடும், ஈரக் காலோட குழாயைத் தொடுற ஆள் போயிடுவார். மோட்டார் ஷெட்டுல எர்த் இல்லாம மாடு செத்ததைப் பாத்த ஊர் இது. கரியும் உப்பும் போட்டு புதுக் குழி வெட்டி எர்த் இறக்கினோம். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். அதனால மெயின் போர்டிலிருந்து தனி லைன், 2.5 எம்.எம். ஒயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு. அதுல 'டி'ன்னு ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கினா டப்புன்னு விழணும். விழலைன்னா அது சும்மா பொம்மைன்னு அர்த்தம். முதல் தடவை ஸ்விட்ச் போடறதுக்கு முன்ன வெந்நீர்க் குழாயைத் திறந்து, காத்து போய் தண்ணி சீரா வர்ற வரைக்கும் விட்டோம். தொட்டி காலியா இருக்கப்போ ஸ்விட்ச் போட்டா காயில் கருகிடும்.

மூணாவது நாள்தான் சண்டை. கீசருக்குக் கீழே, பச்சைத் தண்ணி ஏறுற வாயில இருக்கிற வால்வு, ஸ்விட்ச் போட்டு கொஞ்ச நேரத்துல சொட்டுச் சொட்டா விட ஆரம்பிச்சுது. அம்மா பிளம்பர் தம்பியைப் போன் போட்டு வரவழைச்சிருக்காங்க. நான் வயல்லேர்ந்து வந்து பாக்கறப்போ சொட்டு நின்னுபோச்சு. வால்வு மூக்குல ஒரு மூடியைப் போட்டு முறுக்கி விட்டிருந்தார்.

"தம்பி, அதைக் கழட்டுங்க."

"ஐயா, லீக் ஆச்சு, அடைச்சிருக்கேன். போன வாரம் நாலு வீட்டுக்கு இப்படித்தான் போட்டேன். ஒண்ணும் ஆகல."

"அது லீக் இல்லை தம்பி. அந்த ஒரு டம்ளர் தண்ணி போறதுக்கு அது ஒண்ணுதான் வழி. பச்சைத் தண்ணி லைனுக்குத் திரும்பிப் போகாம அதே வால்வு தடுக்குது பாருங்க. நீங்க மூக்கையும் வாயையும் சேத்துப் பொத்தியிருக்கீங்க."

அவருக்குக் கோபம்தான். ஆனா கழட்டினார். நல்ல பையன், கெட்ட எண்ணம் இல்லை. வீட்டுக்காரங்க எல்லாரும் அவர்கிட்ட "தரை ஈரமாகுது"ன்னுதான் சொல்றாங்க. தரை ஈரமாகாம பாத்துக்கறதுதான் தன் வேலைன்னு அவர் நினைச்சுக்கிட்டார். அந்த மூக்குல ஒரு டியூபை மாட்டி, மடக்காம, நுனியில குழாய் எதுவும் போடாம, கண்ணுக்குத் தெரியற மாதிரி தரைச் சாக்கடை வரைக்கும் இறக்கி விடச் சொன்னேன். அதுக்கு நூறு ரூபா கூடக் கொடுத்தேன். அந்த நாலு வீட்டுக்கும் என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். ரெண்டு வீட்டுல கழட்டியாச்சு. ஒரு வீட்டுல "எங்களுக்குத் தெரியும், நீங்க போங்க" என்றாங்க. இன்னொரு வீடு பூட்டியிருக்கு, பொங்கலுக்கு வருவாங்களாம்.

என் தங்கச்சி மகன் இங்கிலாந்துல இருக்கான். இதைச் சொன்னதும் சிரிச்சான். "மாமா, இங்க மூடின சிலிண்டர் மாட்ட அதுக்குன்னு படிச்சு சான்று வாங்கின ஆளாத்தான் இருக்கணும்" என்றான். 1980-கள் வரைக்கும் அங்கேயும் நம்ம மாதிரி மேல் தொட்டியும், அதுக்கு மேல வளைச்சு விட்ட திறந்த பைப்பும்தானாம். அப்புறம்தான் மூடின சிலிண்டருக்குச் சட்டத்துல இடம் கொடுத்து, கூடவே இத்தனை நிபந்தனையும் போட்டிருக்காங்க. அங்கே விரியற தண்ணியைத் தாங்கிக்கத் தனியா ஒரு சின்னத் தொட்டி வைப்பாங்க. அதனால அங்கே சொட்டினா பழுதுன்னு அர்த்தம். நம்ம கீசருக்கு அந்தத் தொட்டி கிடையாது, சூடேறும்போது கொஞ்சம் சொட்டறது இயல்பு. சூடே இல்லாதப்பவும் விடாம ஓடினாத்தான் வால்வுல குப்பையோ, லைன்ல அழுத்தம் கூடவோன்னு பாக்கணும்.

எங்களுக்கு டேங்க் கீசருக்கு 3 மீட்டர் மேல இருக்கு, அழுத்தம் 0.3 பார் தேறும். கீசர் தகட்டுல 8 பார்னு போட்டிருக்கு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார்னு கணக்கு வச்சுக்குங்க. உசந்த அபார்ட்மென்ட்டுல கீழ் மாடியில இருக்கறவங்க, மொட்டை மாடியில பிரஷர் பம்ப் போட்டவங்க, உங்க லைன்ல எவ்வளவு இருக்குன்னு ஒரு தடவை கேட்டு வச்சுக்கறது நல்லது.

கேஸ் கீசர் வாங்கலாமேன்னு சிலர் சொன்னாங்க. கரண்டு செலவு இல்லை, உண்மைதான். எனக்கு ஒரு தடவைக்கு அரை மணி நேரம், ஒரு யூனிட் கிட்ட ஆகுது. ஆனா கதவை மூடின குளியலறைக்குள்ள கேஸ் எரிஞ்சா காத்து தீர்ந்து கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, குளிக்கிறவர் தூங்கற மாதிரி சாஞ்சிடுவார். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் கேஸில் வெந்நீர் போடற கருவி செஞ்சு, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றுப் பேரான கீசரை அதுக்கு வச்சார். அப்பவும் புகை வெளிய போகக் குழாய் வைக்கல. அதை வைக்கறதா இருந்தா குளியலறைக்கு வெளியிலதான் வைக்கணும்.

இப்ப டியூபுக்குக் கீழே அம்மா ஒரு சொம்பை வச்சிருக்காங்க. காலையில அதுல இருக்கிற தண்ணி கறிவேப்பிலைச் செடிக்குப் போகுது. சொம்பு காலியா இருந்தா "டேய், இன்னைக்கு மூக்கு ஒழுகல, என்னான்னு பாரு" என்கிறாங்க. நான் போய் வால்வு நெம்பை ஒரு தடவை தூக்கி விடுவேன், புஸ்ஸுன்னு தண்ணி வந்தா சரி. போர் தண்ணியில உப்பு படிஞ்சு வால்வு இறுகிடக் கூடாதுல்ல. உள்ளே துருவைத் தான் வாங்கிக்கிட்டுத் தொட்டியைக் காப்பாத்தற மெக்னீசியம் கம்பி ஒண்ணு இருக்கு, அதைத் தை மாசம் கழட்டிப் பாக்கணும். பொங்கலுக்கு அந்தப் பூட்டின வீட்டுக்காரங்க வரட்டும், அவங்க வீட்டுக்கும் பிளம்பர் தம்பியோட ஒரு நடை போயிட்டு வரணும்.