நூறாண்டுக்காரர் மலையிலே

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கில் மூதாட்டி ஒருவர் இறைவனடி சேர்ந்தார். தெருவெங்கும் ஒட்டப்பட்டிருந்த மரண அறிவிப்பில் அவருக்கு வயது 105 என்று அச்சிட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்து மரணப் பதிவேட்டில் எழுதுவதற்காக ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினோம். கணக்குப் பார்த்தால் 94 தான் வந்தது. மூத்த மகனைத் தனியே அழைத்துச் சொன்னோம். "சுவாமி, அம்மா தம் வாயாலேயே நூறு தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். இந்தப் புத்தகத்திற்கு அவர்களைவிட அதிகம் தெரியுமா?" என்று அவர் வருந்தினார். நாம் மறுவார்த்தை பேசவில்லை. கல்லறையில் 105 என்றே பொறித்திருக்கிறார்கள். பதிவேட்டில் உள்ளது 94.

2025-ஆம் யூபிலி ஆண்டில் உரோமைக்குத் திருயாத்திரை சென்றபோது இந்த நிகழ்ச்சி மீண்டும் நம் நினைவுக்கு வந்தது. குருமடத்தில் நம்மோடு ஒரே வகுப்பில் பயின்ற குரு ஒருவர் இப்போது இத்தாலி நாட்டின் சார்தீனியாத் தீவிலே பணியாற்றுகிறார். அங்கே குருக்கள் குறைந்துவிட்டபடியால் மூன்று மலைக் கிராமங்களை அவர் ஒருவரே கவனித்து வருகிறார். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு எம்மைப் பாராமல் போகலாமா? நூறு வயதுக்காரர்களைக் காட்டுகிறோம், வாரும்" என்று எழுதியிருந்தார். உரோமையை அடுத்த சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் மாலையில் கப்பலேறி மறுநாள் காலை கால்யாரி நகரில் இறங்கினோம்.

கால்யாரியில் முதலில் போனாரியா மாதாவின் ஆலயத்தைத் தரிசித்தோம். 1370-ஆம் ஆண்டில் புயலில் சிக்கிய கப்பலொன்றிலிருந்து கடலில் எறியப்பட்ட பெரிய பெட்டி இந்தக் குன்றின் அடியில் ஒதுங்கிற்று என்றும், துறவிகள் அதைத் திறந்தபோது உள்ளே மாதாவின் சுரூபம் இருந்தது என்றும் சொல்கிறார்கள். தென் அமெரிக்காவின் புவனோஸ் அயர்ஸ் நகரத்திற்குப் பெயர் கொடுத்தவளும் இந்த மாதாவே. புயலில் தப்பிய மாலுமிகளின் கதையைக் கேட்டதும் நம் மனம் வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பியது என்று சொல்லவும் வேண்டுமோ!

அங்கிருந்து நண்பரின் சிறிய காரில் கிழக்குப் பாதையாக இரண்டு மணி நேரத்திற்கு மேல் பயணம். தீவின் மக்கள்தொகை ஏறக்குறைய 15 இலட்சம். செம்மறி ஆடுகளோ அதைப்போல் இரு மடங்கு. வழியெல்லாம் ஆட்டு மணிகளின் ஓசை கேட்டுக்கொண்டே வந்தது. ஓலியாஸ்த்ரா என்னும் மலைப் பகுதி தொடங்கியதும் பாதை செங்குத்தாக வளைந்து வளைந்து ஏறிற்று. கருங்கல் வீடுகள், கருவாலி மரங்கள், ஆள் நடமாட்டமில்லாத சரிவுகள்.

இந்த மலைகளை உலகம் அறியச் செய்தவர்கள் சார்தீனிய மருத்துவர் ஜான்னி பெஸ் என்பவரும் பெல்ஜிய நாட்டு மக்கள்தொகை அறிஞர் மிஷேல் பூலேன் என்பவரும் ஆவர். நூறு வயதைக் கடந்தோர் மிகுந்த கிராமங்களை அவர்கள் வரைபடத்தில் நீல மையினால் குறித்துக்கொண்டே வந்தார்கள். குறிகள் அடர்ந்த அந்த இடத்திற்கு நீல மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 2004-இல் வெளிவந்தது. மற்ற நாடுகளில் நூறு வயது ஆண் ஒருவர் இருந்தால் பெண்கள் நால்வர் ஐவர் இருப்பர். வில்லாகிராந்தே போன்ற இவ்வூர்களிலோ ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாக இருந்தார்கள். பெர்தாஸ்தெஃபோகு என்னும் ஊரில் ஒரே குடும்பத்தில் பிறந்த ஒன்பது பேரின் வயதைக் கூட்டினால் 818 என்று 2012-இல் கின்னஸ் சாதனை நூலில் ஏறிற்று. இங்கே ஒருவரையொருவர் வாழ்த்தும்போது "அ கென்தான்னோஸ்" என்கிறார்கள். நூறாண்டு வாழ்க என்பது பொருள். நம் ஊர்க் கிழவிகள் தும்மிய குழந்தைக்குச் சொல்வதுதான்.

இவர்களுடைய நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்ன? நண்பரின் கிராமத்தில் (பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், புகைப்படக் கருவிகளோடு வருவோரின் தொல்லை போதும் என்றார்) இதைக் கேட்டால் வீட்டுக்கொரு விடை கிடைக்கிறது. ஆடு மேய்த்து ஓய்ந்த 98 வயதுப் பெரியவர், கன்னோனாவ் என்னும் கருஞ்சிவப்புத் திராட்சை இரசமே காரணம் என்றார். அருகில் நின்ற அவர் மகள், "அப்பா குடிப்பது சிறு கிண்ணம். அதற்குப் பெருமையைப் பாருங்கள், காரணம் என்னுடைய சூப்" என்றார். அந்தச் சூப் அவரை, கொண்டைக்கடலை, வாற்கோதுமை, தோட்டத்துக் கீரை எல்லாவற்றையும் போட்டு ஒரே பானையில் கொதிக்க வைப்பது. நாமும் உண்டோம், உப்புக் கொஞ்சம் குறைவு. பிஸ்தோக்கு என்னும் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியுடன் தின்கிறார்கள். மாதக்கணக்கில் மந்தையோடு மலையில் தங்கும் ஆயர்களுக்காகச் சுட்ட ரொட்டி ஆதலால் அது கெடுவதில்லை. அடுத்த வீட்டுக்காரரோ சூப்பும் இல்லை, இரசமும் இல்லை, மலையில் நடந்ததுதான் என்றார். ஆராய்ச்சியாளரின் கணக்கும் ஓரளவு இவர் பக்கமே சாய்கிறது. மேய்ச்சல் தொழில், நிலத்தின் செங்குத்து, வேலைக்கு நடந்து செல்லும் தூரம் இவை மிகுந்த ஊர்களிலேயே ஆண்களின் ஆயுள் நீண்டிருக்கக் கண்டார்கள். பல நூற்றாண்டுகளாக வெளியாரோடு கலவாத இரத்தமும் ஒரு காரணமாகலாம் என்று அதையும் சோதிக்கிறார்கள்.

உலகத்தின் மற்ற மூத்தவர்களைக் கேட்டிருந்தாலும் இதே கதைதான். வட இத்தாலியில் 2017-இல் 117-ஆம் வயதில் மறைந்த எம்மா மொரானோ அம்மையார் நாளுக்கு மூன்று முட்டை, அதிலும் இரண்டு பச்சையாக, தின்று வந்தார். இளமையில் இரத்தசோகைக்காக மருத்துவர் சொன்னதை ஆயுள் முழுதும் விடவில்லை. 122 வயது வரை வாழ்ந்து 1997-இல் இறந்த பிரான்ஸ் நாட்டு ஜான் கல்மான் அம்மையார் நூறைக் கடந்த பின்னும் புகை பிடித்தார். 2023 ஜனவரியில் தூலோன் நகரில் 118-ஆம் வயதில் மரித்த சகோதரி அந்திரேயா, புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்தவர். அவருக்குச் சாக்லேட்டும் தினம் ஒரு கிண்ணம் திராட்சை இரசமும் பிடிக்கும். ஆனால் தம்மை வாழவைத்தது உழைப்பே என்று சொல்லிவந்தார். இவர்களுள் யாரைப் பின்பற்றுவது? பச்சை முட்டையும் சிகரெட்டும் சாக்லேட்டும் ஒரே வைத்தியத்தில் சேராவே.

வயதே உண்மைதானா என்பது வேறு கேள்வி. தென் அமெரிக்காவில் எக்குவதோர் நாட்டின் தென் பகுதியில் வில்கபம்பா என்னும் பள்ளத்தாக்கு உண்டு. 1973-இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாந்தர் லீஃப் அங்கே நூறு வயதைத் தாண்டியவர்கள் இருப்பதாக எழுதியதும் உலகமே அந்தத் தண்ணீரையும் காற்றையும் புகழ்ந்தது. பின்னர் இரண்டு ஆய்வாளர்கள் ஞானஸ்நானப் பதிவேடு முதலிய ஏடுகளை வரிவரியாக ஒப்பிட்டு 1979-இல் முடிவை வெளியிட்டார்கள். நூறு தாண்டியதாகச் சொன்னவர்களில் ஒருவரும் நூறைத் தொட்டிருக்கவில்லை. யாவரினும் மூத்தவருக்கு 96. எழுபதைக் கடந்ததும் வயதைக் கூட்டிச் சொல்லத் தொடங்குகிறார்களாம். நம் பங்கு மூதாட்டியை நினைத்துச் சிரித்துக்கொண்டோம். ஏடுகள் மிகுந்த ஜப்பானிலும் 2010-இல் தேடிப் பார்த்தபோது, குடும்பப் பதிவில் உயிரோடிருப்பதாகக் காட்டிய நூறு வயதுக்காரர்களில் 2,30,000-க்கும் மேற்பட்டோர் எங்கே என்று தெரியவில்லை. இத்தகைய பிழைகளையும் ஓய்வூதிய மோசடிகளையும் எடுத்துக்காட்டிய சால் நியூமன் என்பவர் 2024-இல் இக் நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசு பெற்றார். நீல மண்டலங்களையும் அவர் நம்புவதில்லை. சார்தீனிய ஆய்வாளர்களோ, 1866 முதல் உள்ள அரசுப் பதிவையும் கோவில் பதிவையும் ஒப்பிட்டே எண்ணினோம் என்கிறார்கள்.

அந்த ஒப்பிடுதல் எப்படி நடக்கிறது என்பதை நண்பர் நமக்குக் காட்டினார். சக்கரீஸ்தில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, தோல் அட்டை போட்ட பழைய பதிவேட்டை மேசைமேல் வைத்தார். நாளை நாம் சந்திக்கப் போகும் பாட்டியின் பெயரைத் தேடச் சொன்னார். 1921-ஆம் ஆண்டின் பக்கத்தில் அகப்பட்டது. அதே தந்தை, அதே தாய். "அப்படியானால் 104" என்றோம்.

"பெயரைப் பாராதீர், ஓரத்தைப் பாரும்" என்றார் நண்பர்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் உறுதிப்பூசுதலையும் திருமணத்தையும் பின்னர் குறித்து வைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். திருமணத்தைக் குறிக்கும் கடமை 1908 முதலே உண்டு. நம் பங்குகளில் கலியாண ஓலைக்காக வருவோர், "எங்கே ஞானஸ்நானம் பெற்றீர்கள்?" என்று நாம் துருவிக் கேட்டால் சலித்துக்கொள்வார்களே, அதன் காரணம் இதுதான். 1921-இன் ஓரம் வெறுமையாக இருந்தது. ஒரு சிறு சிலுவைக்குறி மட்டும். இன்னும் சில பக்கங்கள் தள்ளி, 1924-இல், அதே பெற்றோருக்கு அதே பெயரில் இன்னொரு பெண். அந்த ஓரத்தில் உறுதிப்பூசுதலும் திருமணமும் நாளோடு எழுதப்பட்டிருந்தன. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கமாம். ஓரத்தைப் பாராமல் எண்ணினால் பாட்டிக்கு மூன்று வயது கூடிவிடும்.

அந்தப் பக்கங்களில் சிறு சிலுவைகள் நிறைய இருந்தன. எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டோம். சமவெளியில் மலேரியா வாட்டிய காலம் அது. 1946 முதல் 1950 வரை கொசு ஒழிப்பு நடந்த பிறகே தீவு அதிலிருந்து மீண்டது. மலைமேல் காய்ச்சல் குறைவு; பசியும் குளிரும் குறைவல்ல. இப்பகுதியின் பவுனேய் என்னும் ஊரில் கருவாலிக் கொட்டை மாவைக் களிமண் நீரோடு சேர்த்து ரொட்டி செய்து உண்டார்கள். நூறு வயதுக்காரரின் உணவு என்று இன்று பட்டியலிடும் நூல்கள் சூப்பையும் இரசத்தையும் சொல்கின்றன. இந்த ரொட்டியைச் சொல்லக் காணோம்.

மறுநாள் திருப்பலிக்குப் பின் நற்கருணை கொண்டுபோன நண்பரோடு பாட்டியின் வீட்டிற்குச் சென்றோம். ஊரார் அவரை "த்சீயா" என்றே அழைக்கிறார்கள். அத்தை என்று பொருளாம்; உறவில்லாதவரும் வயதில் மூத்தவளை அப்படித்தான் விளிப்பர். அடுப்பங்கரை ஓரத்தில் நாற்காலி. கறுப்பு உடை, கறுப்பு முக்காடு, கையில் செபமாலை. அவரைத் தனியே விடாமல் உடன்பிறந்தார் மகளும் மருமகளும் முறை வைத்துக்கொண்டு தங்குகிறார்கள். காது மந்தம், பார்வை நன்றாக இருக்கிறது. நற்கருணை வாங்கிச் சிறிது நேரம் கண்மூடியிருந்தார். பிறகு நாமும் மற்றவர்களைப் போலவே கேட்டோம்: "அம்மா, நீங்கள் என்ன உண்டீர்கள்? எப்படி வாழ்ந்தீர்கள்?"

நண்பர் அவர் காதருகே சென்று அவர் மொழியில் உரக்கச் சொன்னார். பாட்டி நம்மை ஏறிட்டுப் பார்த்தார்.

"இருந்ததை உண்டோம், சுவாமி. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி இருந்தால் அது திருநாள். இப்போது வருகிறவர்கள் அதை ஞானம் என்கிறார்கள். அப்போது அதற்குப் பெயர் ஏழ்மை."

நாம் பதிவேட்டைப் பார்த்த செய்தியை நண்பர் சொல்லியிருக்க வேண்டும். பாட்டி சற்றுப் பேசாதிருந்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எனக்கு முன் ஒருத்தி இருந்தாள். அவள் பெயரைத்தான் நான் சுமக்கிறேன். அவளும் இந்த வீட்டில்தான் பிறந்தாள். எனக்குப் பால் கொடுத்த அதே தாய்தான் அவளுக்கும் பால் கொடுத்தாள். அவள் எட்டு மாதம், நான் நூற்றொன்று. என்ன உண்டேன் என்று என்னைக் கேட்கிறீர்களே, நான் யாரைக் கேட்பேன்?"

நம்மிடம் விடையில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்கிறோம். அந்த அடுப்பங்கரையில் ஒரு வாக்கியமும் வரவில்லை. மருமகள் காப்பி கொண்டுவந்து அந்த நேரத்தைக் கடத்தி உதவினாள்.

காப்பி அருந்துகையில் பாட்டி நம்மைக் கேட்கத் தொடங்கினார். உங்கள் ஊரில் ஆடு உண்டா? மழை உண்டா? கோவிலில் மணி உண்டா? பிறகு, சென்ற ஆண்டு எத்தனை ஞானஸ்நானம்? நாற்பத்திரண்டு என்றோம். காது கேட்கவில்லை என்று எண்ணி நண்பர் திரும்பச் சொன்னார். கேட்டிருந்தது, நம்பவில்லை. இத்தாலியிலேயே பிறப்பு மிகக் குறைந்த பகுதி சார்தீனியா. ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளை என்ற கணக்குக்கூட அங்கே தேறுவதில்லை. இளைஞர்கள் பிழைப்புத் தேடிப் பெருநகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். நண்பரின் பதிவேட்டில் அந்தக் கிராமத்திற்கு 2024-ஆம் ஆண்டு முழுவதற்கும் இரண்டே பெயர்கள். அடக்கப் பதிவேட்டில் வேறொரு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

உயிர்ப்புப் பெருவிழாவில் நம் பங்கில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் படம் நம் கைப்பேசியில் இருந்தது. எடுத்துக் காட்டினோம். பாட்டி செபமாலையை மடியில் வைத்துவிட்டு அதைக் கண்ணருகே கொண்டுபோனார். படத்தில் ஒரு குழந்தையைத் தொட்டு, இவள் பெயர் என்ன என்றார். சொன்னோம். அடுத்த குழந்தையைத் தொட்டார். இருட்டுவதற்குள் மலைப்பாதையில் இறங்க வேண்டும் என்று நண்பர் வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார். படத்தில் இன்னும் ஐந்து குழந்தைகள் மீதி இருந்தன. நாம் மறுபடியும் நாற்காலியில் அமர்ந்தோம்.